கம்ப்யூட்டரில் எது எந்தக் கடிகாரம்? சிமாஸ், பயாஸ், ஆர்டிசி, சிஸ்டம் கிளாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்களுக்கும், இ-சேவை மையம், அரிசி ஆலை, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கும், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எழுதியது இது. "டைம் நிக்க மாட்டேங்குது" என்ற ஒரே புகாருக்கு சர்வீஸ் ரசீதில் "சிமாஸ் ஃபால்ட்", "பயாஸ் போயிடுச்சு", "ஆர்டிசி எர்ரர்", "சிஸ்டம் கிளாக் ப்ராப்ளம்" என்று நாலு விதமாக எழுதுகிறார்கள். நாலும் ஒன்றல்ல. பெயர் மாறினால் கழற்றும் பாகம் மாறுகிறது. வாடிக்கையாளர் கொடுக்கும் காசும் மாறுகிறது. ஒரு பட்டன் செல்லோடு முடிய வேண்டிய வேலை, மதர்போர்டு மாற்றுவது வரை போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"சிமாஸ் போயிடுச்சு" என்கிறார்கள். சிமாஸ் என்பது எந்தப் பாகம்?

தனிப் பாகம் எதுவும் இல்லை. சிமாஸ் என்பது சிப் செய்யும் ஒரு முறை. எதிரெதிர் வகையைச் சேர்ந்த டிரான்சிஸ்டர்களை ஜோடியாக வைத்து, ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும்படி அமைப்பார்கள். நிலை மாறும் அந்த நொடிப்பொழுதில்தான் கரண்ட் செலவாகும். சும்மா இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது. 1963-ல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃப்ராங்க் வான்லாஸ் இதைக் கொண்டுவந்தார். இன்றைக்கு உங்கள் பிராசசர் சிமாஸ், சிப்செட் சிமாஸ், செல்போன் கேமராவில் இருக்கும் சென்சார்கூட சிமாஸ். வீடு முழுக்கச் செங்கல்லால் கட்டிவிட்டு, ஒரே ஒரு அறைக்கு மட்டும் 'செங்கல்' என்று பெயர் வைத்த மாதிரிதான் இந்தப் பெயர் நிற்கிறது.

பெயர் வந்த கதை தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டாஸ் என்ற அன்றைய ஆபரேட்டிங் சிஸ்டம் தேதி கேட்கும், நேரம் கேட்கும், நாம்தான் டைப் செய்ய வேண்டும். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில்தான் மோட்டோரோலாவின் எம்சி 146818 என்ற சிப்பை வைத்தார்கள். அதற்குள் ஒரு கடிகாரம், கூடவே 64 பைட் நினைவகம். அதில் 14 பைட் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட் காலியாக இருந்தது. ஃபிளாப்பி எந்த வகை, ஹார்டு டிஸ்க் எந்த வகை, மெமரி எவ்வளவு என்ற செட்டிங்குகளை ஐபிஎம் அந்த இடத்தில் எழுதி வைத்தது.

அன்றைய அந்த போர்டில் இருந்த 80286 பிராசசர் சிமாஸ் முறையில் செய்யப்பட்டதல்ல. சுற்றியிருந்த பெரும்பாலான சிப்புகளும் அப்படித்தான். மெஷின் அணைந்த பிறகும் பேட்டரியிலேயே உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் கடிகார சிப்புக்கு மட்டும் சிமாஸ் தேவைப்பட்டது. அதனால் அதை 'சிமாஸ் ராம்' என்று சொன்னபோது அந்தப் பெயருக்கு அர்த்தம் இருந்தது. மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் போர்டில் உள்ள எல்லாமே சிமாஸ் ஆகிவிட்டன. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. இன்று தனிக் கடிகார சிப்பும் இல்லை. சிப்செட்டுக்குள்ளேயே அது அடக்கம். ஆனாலும் சாஃப்ட்வேர் அதோடு பேசுவது 1984-ல் பேசிய அதே 70, 71 என்ற ஹெக்ஸ் போர்ட் எண்களில்தான்.

ஆக, "சிமாஸ் போயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் அவர் நாலு விஷயத்தில் ஒன்றைச் சொல்கிறார். பேட்டரி தீர்ந்திருக்கலாம். கடிகாரம் நின்றிருக்கலாம். சேமித்த செட்டிங் அழிந்திருக்கலாம். அல்லது மெஷினை எழுப்பும் புரோகிராமான பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சிப்பே பழுதாகியிருக்கலாம். முதலாவது அஞ்சு நிமிட வேலை. கடைசியானதற்கு, சிப்பில் எழுதும் புரோகிராமர் கருவி வேண்டும். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது.

அப்போ கடையில் போய் "சிமாஸ் பேட்டரி" என்று கேட்பதும் தப்பா?

கேட்கலாம், புரிந்துகொள்வார்கள். திரையில் வரும் எச்சரிக்கையே "சிமாஸ் பேட்டரி லோ" என்றுதான் வருகிறது. ஆனால் எண்ணைச் சொல்லிக் கேட்டால் தவறவே தவறாது: சிஆர் 2032. சி என்றால் லித்தியம்–மாங்கனீஸ் டை ஆக்சைடு ரசாயனம், ஆர் என்றால் வட்டம், 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். இந்த எண்ணைச் சொல்லாததால் நடக்கும் தொல்லை ஒன்று உண்டு. 2025, 2016 இரண்டுக்கும் விட்டம் இதே 20தான், தடிமன் மட்டும் குறைவு. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், ஹோல்டரில் உட்காரும், ஆனால் தொடர்பு சரியாகப் படாது. மேஜையைத் தட்டினால் டைம் போகும், இன்னொரு தட்டில் வரும்.

லேப்டாப்பில் இதே செல் இரண்டு வயரோடு, பிளாஸ்டிக் உறை போட்டு வரும். புதிய லேப்டாப் பலவற்றில் தனி செல்லே கிடையாது; மெயின் பேட்டரியிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. அந்த மெஷினில் "சிமாஸ் பேட்டரி மாத்தினோம்" என்று பில் போட்டிருந்தால் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

பயாஸ் கிளாக், பயாஸ் பேட்டரி என்றும் சொல்கிறார்களே?

பயாஸ் ஒரு புரோகிராம். மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது. ஃபிளாஷ் சிப்பில் பதிந்திருக்கும். அதற்குப் பேட்டரி தேவையில்லை. பட்டன் செல்லைக் கழற்றி ஒரு வருடம் வைத்திருந்தாலும் பயாஸ் அழியாது. புதிய மெஷின்களில் அதன் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது; பழக்கத்தில் அதையும் பயாஸ் என்றே சொல்கிறோம், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

பயாஸ் திரைக்குள் போய் நேரத்தை மாற்றுகிறோம் என்பதால்தான் 'பயாஸ் கிளாக்' என்ற பெயர் வந்தது. நாம் அங்கே மாற்றுவது ஆர்டிசியின் (ரியல் டைம் கிளாக், அதாவது பேட்டரியில் ஓடும் அந்தக் கடிகாரத்தின்) நேரத்தை. பயாஸ் அதைப் படித்துக் காட்டுகிறது, எழுதுகிறது, அவ்வளவே. இதைப் பிரித்துச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், "பயாஸ் டைம் தப்பு" என்று கேட்டுவிட்டு பயாஸ் அப்டேட் செய்யப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பயாஸை எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம். பேட்டரி மாற்றினால் தீரும் புகாருக்கு இந்த அபாயம் தேவையே இல்லை.

என்விராம் என்பதும் இதுதானா?

பழைய பொருளில் இல்லை. என்விராம் என்றால் கரண்ட் இல்லாமலே நினைவில் வைத்திருப்பது. அந்த 'சிமாஸ் ராம்' பேட்டரியைக் கழற்றினால் மறந்துவிடும் வகை. பேட்டரி தாங்கிப் பிடிப்பதால் நினைவில் இருப்பது போலத் தெரிகிறது. இன்றைய யூஇஎஃப்ஐ மெஷின்கள் பல செட்டிங்குகளை ஃபிளாஷிலேயே எழுதுகின்றன. அதை என்விராம் என்பது சரி. செல் செத்த பிறகும் சில மெஷின்களில் தேதி மட்டும் போய் மற்ற செட்டிங் அப்படியே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆர்டிசி, ஹார்டுவேர் கிளாக்: இதில் எது சரியான பெயர்?

இரண்டும் சரி. பேட்டரியில் ஓடுகிற, மெஷின் அணைந்திருக்கும்போதும் தேதியும் நேரமும் எண்ணுகிற அந்தக் கடிகாரத்துக்கு ஆர்டிசி என்பது சிப் செய்பவர்கள் வைத்த பெயர். ஹார்டுவேர் கிளாக் என்பது லினக்ஸ் உலகத்தில் ஹெச்டபிள்யூகிளாக் என்ற கட்டளையோடு பரவிய பெயர்.

ஆனால் இரண்டிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஆர்டிசியில் வரும் 'ரியல் டைம்' என்பதை 'ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதோடு மாணவர்கள் முடிச்சுப் போடுகிறார்கள். பின்னது, குறித்த கெடுவுக்குள் வேலையை முடித்தே தீர வேண்டிய சிஸ்டங்களைப் பற்றியது. ஆர்டிசி அப்படி எந்த உறுதியும் தராது. சுவர்க் கடிகாரம் காட்டுகிற நேரத்தை வைத்திருக்கும், அவ்வளவுதான். ஹார்டுவேர் கிளாக் என்ற பெயரின் சிக்கல் வேறு. மெஷினுக்குள் ஹார்டுவேரில் ஓடும் கிளாக்குகள் இன்னும் பல இருக்கின்றன. அதனால் நான் ஆர்டிசி என்றே எழுதுகிறேன், எழுதச் சொல்கிறேன்.

சிஸ்டம் கிளாக் என்றால் என்ன? புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, லினக்ஸ் வகுப்பில் வேறு சொல்கிறார்கள்.

இருக்கிற பெயர்களிலேயே அதிகம் குழப்புவது இதுதான். நியாயமான குழப்பம்.

மைக்ரோபிராசசர் பாடத்தில் சிஸ்டம் கிளாக் என்றால் பிராசசரை அடியடியாக நகர்த்தும் துடிப்பு. அதற்கு மணி தெரியாது, தேதி தெரியாது. விநாடிக்கு இத்தனை துடிப்பு என்பது மட்டும்தான். கிகாஹெர்ட்ஸ் கணக்கு அதைப் பற்றியது. லினக்ஸ் நிர்வாகியைக் கேட்டால் சிஸ்டம் கிளாக் என்பது ஆபரேட்டிங் சிஸ்டம் தன் நினைவில் வைத்திருக்கும் நேரம். திரையின் மூலையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான், ஆர்டிசியை அல்ல.

நடப்பது இப்படி. மெஷின் எழும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் ஆர்டிசியைப் படித்து ஆரம்ப நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு தன் கணக்கைத் தானே நடத்துகிறது, வேறு டைமர்களை வைத்து. டாஸ் காலத்தில் இன்டெல் 8253, 8254 டைமர் சிப், 1.193182 மெகாஹெர்ட்ஸில் ஓடி விநாடிக்கு 18.2 முறை பிராசசரைத் தட்டும். இப்போது ஏபிஐசி டைமர், ஹெச்பிஈடி, பென்டியம் காலத்திலிருந்து பிராசசருக்குள்ளேயே இருக்கும் டிஎஸ்சி எனப்படும் எண்ணி. இவற்றில் ஒன்றுக்கும் பேட்டரி இல்லை. மெஷின் அணைந்தால் கணக்கு போய்விடும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஆர்டிசியை யாரும் கேட்பதில்லை. சில சிஸ்டங்கள் இடையிடையே ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு.

கண்ணால் பார்க்க வேண்டுமா? லினக்ஸ் மெஷினில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையைக் கொடுங்கள். லோக்கல் டைம், யூனிவர்சல் டைம், ஆர்டிசி டைம் என்று மூன்று வரி தனித்தனியாக வரும். இன்டர்நெட் இல்லாத மெஷினாக இருந்து, சில நாள் அணைக்காமலும் ஓடியிருந்தால், ஆர்டிசிக்கும் மற்றதற்கும் நடுவே விநாடிகள் பிசகியிருப்பது தெரியும். ஒரே பெட்டிக்குள் இரண்டு கடிகாரம் தனித்தனியாக ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வகுப்பெடுப்பவர்கள் இதை முதல் நாளே செய்து காட்ட வேண்டும்.

பேசும்போது 'ஓஎஸ் நேரம்' என்றும் 'பிராசசர் கிளாக்' என்றும் பிரித்துச் சொல்லிவிட்டால் தகராறே இல்லை. தேர்வில் மட்டும் எந்தப் பாடத்தின் கேள்வி என்று பார்த்து எழுதுங்கள்.

கடிகாரம் ஸ்லோவா ஓடுது சார், அதனாலதான் கம்ப்யூட்டரும் ஸ்லோவா?

இல்லை. ஆர்டிசி நின்றே போனாலும் பிராசசரின் வேகம் ஒரு துளி குறையாது. பிராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி ஓவர்கிளாக் செய்தாலும் நேரம் வேகமாக ஓடாது. மெஷின் இழுப்பதற்குக் காரணம் ஹார்டு டிஸ்க், மெமரி, தூசி அடைத்த ஃபேன் என்று வேறு இடத்தில் இருக்கும்.

பேட்டரி புதுசு போட்டாச்சு. ஆனாலும் டைம் பிசகுகிறது. ஏன்?

எப்போது பிசகுகிறது என்று முதலில் பாருங்கள். இன்டர்நெட் நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டு, செல்போனைப் பக்கத்தில் வைத்து, மாலை மெஷினை அணைக்கும் முன் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆன் செய்ததும் பாருங்கள். மறுபடி மாலையில் பாருங்கள். ராத்திரியில் பிசகினால் ஆர்டிசி பக்கம். பகலில், ஓடும்போது பிசகினால் ஓஎஸ் நேரத்தின் பக்கம். அதற்கு எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயன் இல்லை. டிரைவர், பயாஸ் பதிப்பு, டைமர் தேர்வு என்று அந்த வழியில் தேட வேண்டும்.

ராத்திரிப் பிசகலில் இரண்டு வகை உண்டு. மாலை 6 மணிக்கு அணைத்த மெஷின் காலை 9 மணிக்கும் 6 என்றே காட்டி, தேதியும் நேற்றையதாகவே இருந்தால், கடிகாரத்தை ஓட்டும் கிரிஸ்டல் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. எண்கள் அழியவில்லை, ஓட்டம்தான் இல்லை. பேட்டரி பாதி செத்த நிலை, அல்லது ஹோல்டரில் துரு. மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

தினமும் ஒன்றிரண்டு விநாடி என்றால் அது பழுதே அல்ல. ஆர்டிசியை ஓட்டுவது விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் கிரிஸ்டல். பல போர்டுகளில் பேட்டரி ஹோல்டருக்கு அருகே 6 மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளி நிறச் சிறு உருளையாகத் தெரியும். 32,768-ஐ 15 தடவை பாதியாக்கினால் ஒன்று வரும். விநாடிக்கு ஒரு துடிப்பு அப்படித்தான் கிடைக்கிறது. இந்தக் கிரிஸ்டல்களின் துல்லியம் பொதுவாகப் பத்து லட்சத்துக்கு 20 பங்கு கூடுதல் குறைவு. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 52 விநாடி, வருடத்துக்குப் பத்து நிமிடம்.

இதற்கு மேல் வெயில். இந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும்படி வெட்டப்படுகிறது. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகும். விலகலின் வர்க்கத்தோடு 0.034-ஐப் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு என்று வரும். கத்திரியில் தகரக் கூரை போட்ட ஆலை அலுவலகத்தில் கேபினட்டுக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ன் வர்க்கம் 400, அதை 0.034-ஆல் பெருக்கினால் 13.6. நாளுக்கு ஏறக்குறைய 1.2 விநாடி பின்தங்கும். மே மாதம் தாமதமாகி மார்கழியில் சரியாகும் மெஷினுக்குப் பேய் பிடிக்கவில்லை, அதன் கிரிஸ்டலுக்குச் சூடு பிடித்திருக்கிறது.

விண்டோஸிலும் லினக்ஸிலும் மாறி மாறிப் போனால் அஞ்சரை மணி நேரம் மாறுகிறதே?

ஆர்டிசிக்கு எந்த ஊர் நேரம் என்று தெரியாது. வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்ற எண்கள் மட்டும்தான் அதனிடம் உண்டு. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் யூடிசியாக, அதாவது உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் யூடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே இருப்பதால் அதே அஞ்சரை மணி நேரம் அங்குமிங்கும் ஆடுகிறது. தமிழக அரசு 2011-லிருந்து கொடுத்த இலவச லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்ததால் நம் பக்கத்து மாணவர்கள் பலர் இதை நேரில் பார்த்திருப்பார்கள். அதைச் "சிமாஸ் கம்ப்ளைண்ட்" என்று சொல்லி நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. இரண்டில் ஒரு ஓஎஸ்ஸின் செட்டிங்கை மாற்றி, இரண்டும் ஒரே மாதிரி படிக்கச் செய்தால் போதும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது ஒரே கட்டளை. விண்டோஸை யூடிசிக்கு மாற்ற ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பு எழுத வேண்டும்.

தேதி 1970 ஜனவரி 1 என்றும், நேரம் காலை 5.30 என்றும் வருகிறது. இது என்ன கணக்கு?

யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டங்கள் நேரத்தை 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளாக எண்ணுகின்றன. எண்ணிக்கை பூஜ்யம் என்றால் யூடிசியில் நள்ளிரவு காட்ட வேண்டிய இடத்தில் நமக்கு 5.30 காட்டும். ஆகவே அந்த 5.30-ஐப் பார்த்தால் ஒன்று நிச்சயம்: ஓஎஸ்ஸுக்கு ஆர்டிசியிலிருந்து நம்பும்படியான நேரம் எதுவும் வரவில்லை. பிசி மதர்போர்டுகளில் வேறு தேதி வரும். பயாஸ் எழுதியவர்கள் வைத்த தொடக்கத் தேதி அது.

சிசிடிவி டிவிஆர் பெட்டியிலும் இதே கதைதான், உள்ளே அதற்கும் ஒரு பட்டன் செல் இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் ஓடிவிடும். பதிவை யாரிடமாவது கொடுக்க வேண்டி வந்தால், டிவிஆர் காட்டும் நேரத்தையும் அப்போதைய சரியான நேரத்தையும் ஒரே போட்டோவில் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு நேரத்தைத் திருத்துங்கள். முதலிலேயே திருத்திவிட்டால் எவ்வளவு பிசகு இருந்தது என்று பின்னால் நிரூபிக்க முடியாது.

பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடுமா?

எந்தப் பாஸ்வேர்டு? பழைய டெஸ்க்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்டு பேட்டரி நினைவகத்தில் இருந்தது, கழற்றினால் போனது. லேப்டாப்புகளில் அது பெரும்பாலும் பேட்டரி தேவைப்படாத சிப்பில் இருக்கிறது. விண்டோஸ் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'கிளியர் சிமாஸ்' ஜம்பரும் இந்த வேலைக்குத்தான். போர்டில் அதன் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஆசுஸில் சிஎல்ஆர்ஆர்டிசி, கிகாபைட்டில் சிஎல்ஆர் சிமாஸ், எம்எஸ்ஐயில் ஜேபேட் 1. மூன்றும் செய்வது ஒன்றே, செட்டிங்கைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவது. செய்வதற்கு முன் பயாஸ் திரையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறினால் விண்டோஸ் எழாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட மெஷினாக இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். வாடிக்கையாளரிடம் அது இல்லை என்றால் அவருடைய கணக்குவழக்கு எல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். கீ கையில் இருக்கிறதா என்று கேட்காமல் ஜம்பரைத் தொடாதீர்கள்.

வேதாரண்யம் பக்கம் புதுப் பேட்டரி ஒரு வருடம்கூட வருவதில்லை. போலியா?

போலியும் இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சிஆர் 2032-ல் ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். ஆர்டிசி இழுப்பது 3 மைக்ரோஆம்பியர் என்றால் 73,000 மணி நேரம், எட்டு வருடத்துக்கு மேல் வரும். கடல் காற்றின் உப்பும் ஈரமும் போர்டில் படிந்து, ஹோல்டரைச் சுற்றிக் கசிவு ஏற்பட்டு 30 மைக்ரோஆம்பியர் போனால் பத்தே மாதம். ஹோல்டர், கிரிஸ்டல் சுற்றிய இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் புதுச் செல் போடுங்கள். அதே செல் வருடக்கணக்கில் நிற்கும்.

இன்னொன்று நம் பழக்கம். கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடும். ஆர்டிசி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், செல் ஓய்வில் இருக்கும். இடி மின்னலுக்குப் பயந்து தினமும் சுவரில் ஸ்விட்சை அணைக்கிறோம். அணைக்கத்தான் வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் கட்டாயம். ஆனால் அந்த நேரமெல்லாம் செல் தனியாகத் தாங்குகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஏற்கெனவே இளைத்திருந்த செல்கள் அந்த நாட்களில்தான் முழுதாகத் தீர்ந்தன. கரண்ட் வந்து ஆன் செய்ததும் நேரம் தப்பாகக் காட்டிய மெஷின்களை எல்லாம் "தண்ணி இறங்கி போர்டு போச்சு" என்று கழித்துவிடக் கூடாது. முதலில் செல்லை அளந்து பாருங்கள்.

நெட்டிலிருந்து நேரம் வந்துவிடுகிறதே, ஆர்டிசி இனி எதற்கு?

நெட் கிடைக்கும் வரை மெஷினுக்கு ஒரு நேரம் வேண்டும். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் பிரவுசர் பாதுகாப்புச் சான்றிதழ்களை ஏற்காது. "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்ற பக்கத்தோடு நின்றுவிடும். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு "சர்வர் டவுன்" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுதான்.

தானே திருத்திக்கொள்ளாதா என்றால், அலுவலக நெட்வொர்க் டொமைனில் சேராத தனி மெஷினில் விண்டோஸின் நேரச் சேவை 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இயல்பாகத் திருத்தாது. கையால் தேதியைப் போட்டுவிட்டுப் பிறகு ஒத்திசையுங்கள். இந்திய நேரத்தைப் பராமரிப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நெட் வழியாக நேரம் தரும் அவர்களுடைய என்டிபி சர்வரையே நேர மூலமாக வைத்துக்கொள்ளலாம்.

பம்புசெட் டைமர் புராஜெக்ட் செய்கிறோம். ஈஎஸ்பி 32 மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் ஆர்டிசி இருக்கிறது என்று டேட்டாஷீட் சொல்கிறது. தனி மாட்யூல் வேண்டுமா?

வேண்டும். அங்கே ஆர்டிசி என்ற பெயர் வேறு பொருளில் நிற்கிறது. சிப் தூங்கும்போது விழித்திருக்கும் குறைந்த மின் பகுதிக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஈஎஸ்பி 32-ல் தனியாகப் பட்டன் செல் போடும் கால் கிடையாது. கரண்ட் போனால் நேரமும் போகும். உள்ளே இருக்கும் 150 கிலோஹெர்ட்ஸ் ஆர்சி அலையியற்றியும் சூட்டுக்கு ஏற்ப ஆடும். ஆர்டினோவின் மில்லிஸ் எண்ணியோ ஆன் செய்த கணத்திலிருந்து மட்டும் எண்ணுவது, 49.7 நாளில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வேண்டிய ஊரில், கரண்ட் போய் வந்ததும் மணி மறந்துபோகும் டைமரை எந்த விவசாயியும் நம்ப மாட்டார். டிஎஸ் 3231 என்ற ஆர்டிசி மாட்யூல் வாங்குங்கள். கிரிஸ்டல் உள்ளேயே இருக்கும், வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு 2 பங்குக்குள் நிற்கும், வருடத்துக்கு ஒரு நிமிடம். டிஎஸ் 1307-க்கு வெளியே கிரிஸ்டல், வெப்பத் திருத்தமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற டிஎஸ் 3231 போர்டில் செல்லைச் சார்ஜ் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. அது எல்ஐஆர் 2032 என்ற ரீசார்ஜ் வகைக்கானது. சிஆர் 2032-ஐச் சார்ஜ் செய்யக் கூடாது. செல் வீங்கும், வெடிக்கவும் கூடும். அந்த வழியில் உள்ள டயோடையோ ரெசிஸ்டரையோ எடுத்துவிட்டுப் போடுங்கள்.

ரசீதில் எப்படி எழுதுவது?

எதைத் தொட்டீர்களோ அதை எழுதுங்கள். "சிஆர் 2032 செல் மாற்றியது, பழையது 2.1 வோல்ட்." "ஆர்டிசி நேரம் சரிசெய்தது." "பயாஸ் செட்டிங் இயல்பு நிலைக்கு மாற்றியது, டிஸ்க் முறை ஏஹெச்சிஐ." "பயாஸ் ஃபிளாஷ் மறுபதிவு." "விண்டோஸ் நேர ஒத்திசைவு சரிசெய்தது." இப்படி எழுதிய ரசீதைக் கையில் வைத்திருப்பவர் அடுத்த முறை கும்பகோணத்தில் காட்டினாலும் நாகப்பட்டினத்தில் காட்டினாலும், பார்க்கும் டெக்னீஷியன் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.